சன் வொர்க்ஸ்டேஷனில் டாட் டேப் ட்ரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பார்க்ஸ்டேஷன் 5, ஸ்பார்க்ஸ்டேஷன் 20, அல்ட்ரா 1 போன்ற சன் மெஷின்களில் சோலாரிஸ் (சன் நிறுவனத்தின் யூனிக்ஸ்) ஓடும்போது, வெளியே தனிப் பெட்டியில் இருக்கும் 4 மி.மீ. டாட் ட்ரைவை (சின்னக் கேசட்டில் டேட்டா எழுதும் டேப் ட்ரைவை) எப்படிப் பொருத்துவது, எப்படிப் பேக்கப் எடுப்பது என்பதுதான் இந்தப் பக்கம். "இந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று கேட்காதீர்கள். பழைய மெஷினை ஆசைக்காக ஓட்டுகிறவர்களும், அலமாரியில் தூங்கும் கேசட்டிலிருந்து எதையாவது மீட்டே ஆகவேண்டியவர்களும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். "எம்டி" (டேப்பைச் சுற்ற, தாண்ட, நிலை கேட்க உதவும் கட்டளை) என்றால் இரண்டே எழுத்து, அவ்வளவுதான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேப் ட்ரைவ் கேள்வியே கேட்காது. நீங்கள் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினாலும் அதுதான் உங்கள் விருப்பம் என்று நினைத்து அதையே செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

எந்த ட்ரைவ் வாங்கலாம்? ஒரு கேசட்டில் எவ்வளவு கொள்ளும்?

டாட் கேசட்டில் டேட்டா எழுதும் முறைக்கு டிடிஎஸ் என்று பெயர். டிடிஎஸ்-1 வகையில் 90 மீட்டர் கேசட்டுக்கு 2 ஜிபி, டிடிஎஸ்-2 வகையில் 120 மீட்டருக்கு 4 ஜிபி, டிடிஎஸ்-3 வகையில் 125 மீட்டருக்கு 12 ஜிபி, டிடிஎஸ்-4 வகையில் 150 மீட்டருக்கு 20 ஜிபி. பெட்டியில் இதற்கு இரண்டு மடங்கு போட்டிருப்பார்கள். எல்லா டேட்டாவும் பாதியாகச் சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது, நம்பாதீர்கள். ஏற்கெனவே ஜிஜிப் செய்து சுருக்கிய ஃபைல்கள் ஒரு பைட்கூடச் சுருங்காது.

டிடிஎஸ்-3 ட்ரைவ் டிடிஎஸ்-1, 2 கேசட்டுகளையும் படிக்கும். பழைய ட்ரைவில் புதுக் கேசட்டைப் போட்டால் வேலைக்காகாது, டேப்பே வேறு. ஆகவே எதை வாங்குவது என்று குழப்பம் வந்தால் டிடிஎஸ்-3 எடுங்கள். பாட்டுக் கேட்கிற ஆடியோ டாட் கேசட்டை விலை மலிவு என்று வாங்கி உள்ளே தள்ளாதீர்கள். டிடிஎஸ் முத்திரை உள்ள கேசட்டின் டேப் தொடக்கத்தில் ட்ரைவ் அடையாளம் காண்பதற்கான கோடுகள் இருக்கும். அவை இல்லாத கேசட்டைப் பல ட்ரைவ்கள் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

எந்த ஸ்கஸி எண் வைக்க வேண்டும்?

4. யோசிக்கவே வேண்டாம். (ஸ்கஸி என்பது டிஸ்க், டேப் எல்லாவற்றையும் ஒரே கேபிள் சங்கிலியில் இணைக்கும் முறை, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்.) சன் உலகத்தில் முதல் டேப் ட்ரைவுக்கு 4, இரண்டாவதுக்கு 5 என்பது சன்ஓஎஸ் 4 (சோலாரிஸுக்கு முந்தையது) காலத்து வழக்கம். ஸ்பார்க்ஸ்டேஷன் 5-இல் உள் டிஸ்க்குகள் 3, 1 என்ற எண்களிலும், சிடி ட்ரைவ் 6-லும் உட்கார்ந்திருக்கும். 7 மெஷினுடைய ஸ்கஸி கன்ட்ரோலருக்கே உரியது. சோலாரிஸ் வேறு எண்ணையும் ஏற்கும், ஆனால் ஒரே எண்ணை இரண்டு சாதனத்துக்கு வைத்தால் டேப் வராதது மட்டுமல்ல, டிஸ்க்கும் சேர்ந்து மயங்கி மெஷினே பூட் ஆகாமல் போகலாம். எண்ணை மாற்றுகிற பொத்தான் பெட்டியின் பின்புறம் இருக்கும். மாற்றிய பிறகு ட்ரைவை அணைத்துப் போட்டால்தான் புது எண்ணை எடுத்துக்கொள்ளும்.

கேபிள், டெர்மினேட்டர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். மெஷின் ஓடும்போதே ஸ்கஸி கேபிளைச் செருகி ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20-இன் பின்னால் இருப்பது 50 ஊசி உள்ள நெருக்கமான கனெக்டர். அல்ட்ரா 2 போன்றவற்றில் 68 ஊசி. அங்கே 68-லிருந்து 50-க்கு இறங்கும் கேபிள் வேண்டும். ஸ்கஸி சங்கிலியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் (முனையில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் அடைப்பு) இருக்க வேண்டும், நடுவில் இருக்கவே கூடாது. மெஷின் பக்கத்து முனையை மெஷினே பார்த்துக்கொள்ளும். கடைசிப் பெட்டியின் காலித் துளையில் டெர்மினேட்டரைச் செருகுவது உங்கள் வேலை. கூடுமானவரை ஆக்டிவ் வகை வாங்குங்கள். ஃபாஸ்ட் ஸ்கஸிக்கு மொத்தக் கேபிள் நீளம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்டிக்குள் ஓடுகிற கேபிளும் இந்தக் கணக்கில் சேரும்.

சில சர்வர்களில் இருந்து கழற்றிய ட்ரைவ்கள் டிஃபரென்ஷியல் ஸ்கஸி வகையாக இருக்கும். கனெக்டர் பார்க்க ஒரே மாதிரிதான். சாதாரண ஸ்கஸியில் அதைச் செருகினால் எதுவும் வேலை செய்யாது, ஏதாவது புகையவும் கூடும். பெட்டிமேல் இருக்கும் சின்னத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

ட்ரைவ் சரியாக இணைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சோலாரிஸுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். ட்ரைவை முதலில் போட்டு, அது தன்னைத்தானே சோதித்து முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம் மெஷினைப் போடுங்கள். ஓகே ப்ராம்ப்டில் (சோலாரிஸ் ஏறும் முன் மெஷின் "ஓகே" என்று காட்டிக் காத்திருக்கும் இடம்) நின்று "ப்ரோப்-ஸ்கஸி" என்று தட்டுங்கள். அல்ட்ரா மெஷின்களில் நேரடியாக இதைத் தட்டினால் உறைந்துவிடக் கூடும். அங்கே முதலில் "ஆட்டோ-பூட்?" மாறியை "ஃபால்ஸ்" ஆக்கி, "ரீசெட்-ஆல்" கொடுத்து, அதற்குப் பிறகு "ப்ரோப்-ஸ்கஸி-ஆல்". முடிந்ததும் மாறியைத் திரும்ப "ட்ரூ" ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த தடவை மின்சாரம் போய் வரும்போது மெஷின் ஓகே ப்ராம்ப்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

"டார்கெட் 4" என்ற தலைப்பின் கீழ் "ரிமூவபிள் டேப்" என்று தயாரிப்பாளர் பெயரோடு ஒரு வரி வந்தால் வன்பொருள் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் சோலாரிஸில் என்ன செய்தாலும் வராது. எண், கேபிள், டெர்மினேட்டர் என்ற வரிசையில் மறுபடி பாருங்கள். வரி வருகிறது, ஆனால் பெயரில் குப்பை எழுத்துகள் கலந்து வருகின்றன என்றால் டெர்மினேட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோலாரிஸ் அதை எப்படிக் கண்டுகொள்ளும்?

ஓகே ப்ராம்ப்டில் இருந்தே "பூட் -ஆர்" கொடுத்தால் போதும். அந்த "ஆர்"தான் சாதனங்களைப் புதிதாகத் தேடச் சொல்கிறது. மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) "/ரீகான்ஃபிகர்" என்ற காலி ஃபைலை "டச்" செய்துவிட்டு ரீபூட் செய்யலாம், பலன் ஒன்றுதான். சோலாரிஸ் 8 முதல் "டெவ்எஃப்எஸ்அட்ம் -சி டேப்" என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் "டிஆர்விகான்ஃபிக்", பிறகு "டேப்ஸ்".

இதெல்லாம் முடிந்ததும் "/டெவ்/ஆர்எம்டி" டைரக்டரியை "எல்எஸ் -எல்" போட்டுப் பாருங்கள். 0-வில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக இருந்தால் சரி. 1-இல் தொடங்கும் பெயர்களும் புதிதாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம், முன்பு வேறு எண்ணில் இருந்த ட்ரைவின் பழைய இணைப்புகள் 0 என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த டைரக்டரியில் உள்ள இணைப்புகளை அழித்துவிட்டு மறுபடி "பூட் -ஆர்" கொடுங்கள்.

எஸ்டி.கான்ஃப் ஃபைலைத் தொட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இது டேப் டிரைவரின் (ட்ரைவை இயக்கும் மென்பொருளின்) அமைப்பு ஃபைல். பரவலாக விற்ற ட்ரைவ்களை டிரைவருக்கே தெரியும். கேசட்டைப் போட்டு "எம்டி ஸ்டேட்டஸ்" கேட்கும்போது ட்ரைவின் வகையைச் சொல்லாமல், வெறும் "வெண்டர்", "ப்ராடக்ட்" என்று ட்ரைவ் தன்னைப் பற்றிச் சொன்ன பெயரையே திருப்பிச் சொன்னால்தான் டிரைவருக்கு அதைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அப்போது "/கர்னல்/டிஆர்வி/எஸ்டி.கான்ஃப்" ஃபைலில் "டேப்-கான்ஃபிக்-லிஸ்ட்" என்ற பகுதியில் உங்கள் ட்ரைவைச் சேர்க்க வேண்டும். அதற்கான எண் வரிசையை ட்ரைவோடு வந்த கையேட்டில் இருந்து எடுங்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். இங்கே எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: தயாரிப்பாளர் பெயர் சரியாக எட்டு எழுத்து இடத்தை நிரப்ப வேண்டும். இரண்டெழுத்துப் பெயர் என்றால் அதற்குப் பின்னால் ஆறு வெற்றிடம், அதற்கு அப்புறம்தான் மாடல் பெயர். ஐந்து வெற்றிடம் விட்டால் டிரைவர் பிழை ஒன்றும் காட்டாது, உங்கள் வரியைச் சும்மா தாண்டிப் போய்விடும். நான் ஒரு மதியம் முழுக்க இதில் தொலைத்தேன், திரையில் விரல் வைத்து வெற்றிடங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் ஒன்று குறைவது தெரிந்தது. வரிசையின் கடைசியில் அரைப்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றிய பிறகு ரீபூட்.

ஒரே ட்ரைவுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். 0 என்பது ட்ரைவின் எண். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் அதை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்கின்றன. "எல்", "எம்", "ஹெச்" மூன்றும் அடர்த்தியைக் குறிக்கும். "சி" என்றால் சுருக்கி எழுது. "பி" என்றால் ஃபைல் முடிவில் பிஎஸ்டி (இன்னொரு யூனிக்ஸ் வகை) பாணியில் நடந்துகொள். இதை ஒரு கட்டளையில் போட்டு அடுத்ததில் விட்டால் டேப் நிற்கும் இடம் மாறிப்போகும், ஆகவே எப்போதும் போடுங்கள் அல்லது எப்போதும் போடாதீர்கள்.

உயிர்நாடி "என்" என்ற எழுத்து. அது இருந்தால், வேலை முடிந்ததும் டேப் அந்த இடத்திலேயே நிற்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்கே சுற்றிக்கொண்டு போய்விடும். இதன் விளைவைப் பாருங்கள். இரவு க்ரான் (நேரம் வைத்துக் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) ஓட்டுகிற ஸ்க்ரிப்ட்டில் மூன்று வரிகள்: முதலில் ரூட், அடுத்தது யூஎஸ்ஆர், கடைசியில் ஹோம். மூன்றிலும் "/டெவ்/ஆர்எம்டி/0" என்று "என்" இல்லாமல் எழுதிவிட்டீர்கள். ரூட் எழுதப்படும், டேப் சுற்றும், அதன் தலைமேல் யூஎஸ்ஆர் எழுதப்படும், மறுபடி சுற்றும், அதன் தலைமேல் ஹோம். காலையில் மெயிலில் மூன்று பேக்கப்பும் வெற்றி என்று அழகாக வந்திருக்கும், கேசட்டில் ஹோம் மட்டும்தான் இருக்கும். டிஸ்க் போகிற நாள்வரை இது யாருக்கும் தெரியாது.

இதே குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "எம்டி" கட்டளையில் "என்" இல்லாத பெயரைக் கொடுத்து இரண்டு ஃபைல் தாண்டச் சொன்னால், தாண்டிவிட்டு உடனே தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். "தாண்டவே மாட்டேன் என்கிறது, ட்ரைவ் கெட்டுப்போச்சு" என்று சொல்வார்கள். ட்ரைவ் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

முதல் சோதனையை எப்படிச் செய்வது?

கேசட்டைப் போட்டு விளக்கு நிலையாக எரியும்வரை பொறுங்கள். "எம்டி -எஃப் /டெவ்/ஆர்எம்டி/0என் ஸ்டேட்டஸ்". முதல் தடவை "யூனிட் அட்டென்ஷன்" என்று சொல்லும், அது பிழையில்லை, புதுக் கேசட் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு. மறுபடி கேட்டால் சாதாரணமாகப் பதில் வரும். "நோ டேப் லோடட் ஆர் ட்ரைவ் ஆஃப்லைன்" என்று வந்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் அல்லது கேசட் சரியாக உட்காரவில்லை.

அப்புறம் ஒரு சின்ன டைரக்டரிக்குள் போய், ஃபைல்களை ஒரே கட்டாக்கி எழுதும் டார் கட்டளையை "டார் சிவிஎஃப் /டெவ்/ஆர்எம்டி/0என் ." என்று எழுதுங்கள். கடைசியில் இருப்பது புள்ளி, நீங்கள் நிற்கும் டைரக்டரி என்று அர்த்தம். முழுப் பாதை கொடுத்து எழுதினால் சோலாரிஸ் டார் மீட்கும்போதும் அதே முழுப் பாதையில்தான் கொண்டுபோய்க் கொட்டும், இன்றைய ஃபைல்மேல் பழைய ஃபைல் வந்து உட்காரும். எழுதியதும் "எம்டி ரீவைண்ட்", பிறகு "டார் டிவிஎஃப்" போட்டுப் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். வேறொரு டைரக்டரியில் மீட்டு, "டிஃப்" போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

டாரில் "சி" என்றால் எழுது, "எக்ஸ்" என்றால் எடு. கீபோர்டில் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்து வீடு. மீட்கப் போகிறேன் என்று "எக்ஸ்"ஸுக்குப் பதில் "சி"யைத் தட்டினால் எதை மீட்க வந்தீர்களோ அதை அழித்துவிடுவீர்கள். அதனால் மீட்க எடுக்கிற கேசட்டின் ஓரத்தில் உள்ள சின்னத் தகட்டை நகர்த்தி, துளை திறந்து தெரியும்படி வைத்துவிட்டு உள்ளே போடுங்கள். துளை திறந்திருந்தால் எழுத முடியாது.

டாரா, யூஎஃப்எஸ்டம்ப்பா?

ஒரு புராஜெக்ட் டைரக்டரியை இன்னொருவருக்குக் கொடுக்க டார். முழு பார்ட்டிஷனை, மெஷின் போனாலும் திரும்பக் கட்டுகிற மாதிரி எடுக்க யூஎஃப்எஸ்டம்ப். அதில் 0 முதல் 9 வரை நிலைகள் உண்டு: 0 என்றால் முழுவதும், அதற்கு மேல் எந்த எண் கொடுத்தாலும் அதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியவை மட்டும். "யூ" என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் தேதிகள் "/ஈடிசி/டம்ப்டேட்ஸ்" ஃபைலில் பதியும். பதியாவிட்டால் ஒவ்வொரு இரவும் முழு பேக்கப்தான்.

ஓடுகிற, ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிற பார்ட்டிஷனை டம்ப் எடுப்பது ஒழுங்கான முறையில்லை. சிங்கிள் யூசர் நிலைக்குப் போய் எடுப்பதுதான் சரி. நடைமுறையில் பலரும் யாரும் இல்லாத அதிகாலையில் எடுத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். டேட்டாபேஸ் ஃபைல்களுக்கு அந்த வேண்டுதல் பலிக்காது, டேட்டாபேஸை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பேக்கப் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது, ட்ரைவ் விளக்கு எரியவே இல்லை. ஏன்?

உங்கள் ரூட் பார்ட்டிஷனைப் பாருங்கள். நிரம்பியிருக்கும்.

எனக்கே நடந்தது இது. ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) மெஷினில் வேலை பார்த்துவிட்டு அதே கையோடு சன் மெஷினுக்கு வந்து "/டெவ்/ஆர்எம்டி0" என்று தட்டினேன், நடுவில் ஒரு சாய்கோடு குறைவு. சோலாரிஸில் அப்படி ஒரு சாதனம் கிடையாது. சாதனம் இல்லையென்றால் டார் பிழை காட்டும் என்றுதானே நினைப்போம்? நான் ரூட்டாக இருந்ததால் அந்தப் பெயரில் ஒரு சாதாரண ஃபைலை உண்டாக்கி, மொத்த பேக்கப்பையும் டிஸ்க்கிலேயே கொட்ட ஆரம்பித்தது. திரையில் ஃபைல் பெயர்கள் சரசரவென்று ஓடின, "இந்த ட்ரைவ் என்ன வேகம்!" என்று ரசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கன்சோலில் ஃபைல் சிஸ்டம் நிரம்பிவிட்டது என்ற வரி வந்து விழுந்தது.

எண் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தைத் தட்டினாலும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் "/டெவ்" டைரக்டரிக்குள் "ஃபைண்ட்" கட்டளையில் "-டைப் எஃப்" போட்டுத் தேடுங்கள். சாதனங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பல நூறு எம்பி அளவில் சாதாரண ஃபைல் ஒன்று மாட்டினால் அதுதான் உங்கள் பேக்கப். அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.

ட்ரைவ் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே மெதுவாக ஓடுகிறது.

டேட்டா போதுமான வேகத்தில் வந்து சேராததால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி கிளம்புகிறது. காதில் கேட்டாலே தெரியும். ப்ளாக் அளவைக் கூட்டுங்கள்: யூஎஃப்எஸ்டம்ப்புக்கு "பி" எழுத்தோடு 126 கொடுத்தால் ஒரு தடவைக்கு 63 கேபி போகும். டார் தானாகக் கொடுப்பது 20, அதாவது 10,240 பைட்தான். ஒழுங்காக ஓடினால் டிடிஎஸ்-3 நொடிக்குச் சுமார் 1 எம்பி எழுதும், முழுக் கேசட் நிரம்ப மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நெட்வொர்க் வழியாக எடுத்தால் இதைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு ஃபைலை மட்டும் மீட்க முடியுமா?

முடியும். "யூஎஃப்எஸ்ரீஸ்டோர் ஐஎஃப் /டெவ்/ஆர்எம்டி/0என்", யூஎஃப்எஸ்டம்ப் எடுத்ததை மீட்கும் கட்டளை இது. கேசட்டில் மூன்றாவதாக இருக்கும் டம்ப் வேண்டுமென்றால் "ஐஎஃப்எஸ்" என்று போட்டு, சாதனப் பெயருக்குப் பின்னால் 3. உள்ளே போனதும் டிஸ்க்கில் உலாவுகிற மாதிரியே "எல்எஸ்", "சிடி" வேலை செய்யும். வேண்டிய ஃபைலை "ஆட்" செய்து "எக்ஸ்ட்ராக்ட்" சொல்லுங்கள். எந்த வால்யூம் என்று கேட்கும், ஒரே கேசட் என்றால் 1. கடைசியில் புள்ளிக்கு உரிமையாளரையும் அனுமதியையும் மாற்றட்டுமா என்று கேட்கும், "என்" சொல்லுங்கள். "/டிஎம்பி"யில் நின்றுகொண்டு "ஒய்" சொன்னால் அந்த டைரக்டரியின் அனுமதி மாறி, மற்றவர்களின் புரோகிராம்கள் ஏன் திடீரென்று படுத்தன என்று அரைநாள் தேடுவீர்கள்.

எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது விளக்கு கேட்கும்போது. க்ளீனிங் கேசட்டைப் போட்டால் தானே ஓடித் தானே வெளியே வரும். சுமார் ஐம்பது தடவைக்குப் பிறகு அது தீர்ந்துபோகும், லேபிளில் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு ட்ரைவைத் திறக்காதீர்கள், வீட்டு டேப் ரெக்கார்டர் மாதிரி இல்லை இது, சுழல்கிற ஹெட் லேசாக இடறினாலும் போச்சு. ஏசி அறையில் இருந்த கேசட்டை வெளியே கொண்டுவந்த உடனே வேறு ட்ரைவில் போடாதீர்கள், ஈரம் படியும்.

வேறு யூனிக்ஸ் என்றால்?

பெயர்கள்தான் மாறும், சங்கதி ஒன்றுதான். சன்ஓஎஸ் 4-இல் "/டெவ்/ஆர்எஸ்டி0", சுற்றாமல் நிற்க முன்னால் "என்" சேர்த்து "என்ஆர்எஸ்டி0". லினக்ஸில் "எஸ்டி0", "என்எஸ்டி0". ஏஐஎக்ஸில் "சிஎஃப்ஜிஎம்ஜிஆர்" ஓட்டினால் "ஆர்எம்டி0" வரும், சுற்றாமல் நிற்க அதற்குப் பின்னால் ".1". ஹெச்பி-யூஎக்ஸில் "0எம்", "0எம்என்".

கேசட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் அந்தத் தகடு, துளை திறந்திருக்கட்டும். உள்ளதை அப்படியே நகலெடுக்கும் "டிடி" கட்டளையில் உள்ளீடாக "/டெவ்/ஆர்எம்டி/0என்", ப்ளாக் அளவு 64கே, எண்ணிக்கை 1 என்று கொடுத்து ஒரே ஒரு ப்ளாக்கை டிஸ்க்கில் எடுங்கள். பிழை வந்தால் அளவை 128கே, 256கே என்று கூட்டுங்கள். கிடைத்த ஃபைலின் அளவுதான் கேசட்டின் ப்ளாக் அளவு. 10,240 என்றால் டார் என்று ஊகிக்கலாம், 5,120 என்றால் சிபிஐஓ (டார் மாதிரி இன்னொரு கட்டளை). "ஃபைல்" கட்டளையும் வகையைச் சொல்லும். எதுவுமே பிடிபடாமல் உள்ளே எழுத்துகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரிந்தால், ஐரிக்ஸில் (எஸ்ஜிஐ மெஷின்களின் யூனிக்ஸ்) எழுதிய சில பழைய க்யூஐசி (டாட் அல்லாத வேறு வகை டேப்) கார்ட்ரிட்ஜ்களில் இப்படி வரும், "டிடி"யில் "ஸ்வாப்" (swab) கொடுத்தால் நேராகும்.

அதற்குப் பிறகு ரீவைண்ட் செய்து, "டிடி"யை அதே அளவோடு, எண்ணிக்கை கொடுக்காமல், திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஃபைல் டிஸ்க்குக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் கொடுங்கள். "0+0 ரெக்கார்ட்ஸ் இன்" என்று வந்தாலோ படிக்கும் பிழை வந்தாலோ கேசட் அங்கே முடிகிறது.